நிஜாம் கணக்கில் ஏறாத கச்சேரி

1869 பிப்ரவரி கடைசியில் ஹைதராபாத்தின் ஐந்தாம் நிஜாம் அஃப்சலுத்தௌலா கண்ணை மூடினார். இரண்டரை வயது மகன் மஹபூப் அலி கானைத் தூக்கிக் கொண்டுவந்து கத்தியில் உட்காரவைத்தார்கள். இங்கே கத்தி என்றால் சிம்மாசனம். குழந்தை கையில் வேறு கத்தி எதுவும் தரவில்லை. ஐந்தாறு வாரம் கழித்து, ஏப்ரல் 5 அன்று, பிரான்சின் வடகோடியில் தூர்குவான் என்ற ஜவுளி ஊரில் இசையமைப்பாளர் ஆல்பேர் ரூசெல் பிறந்தார். முதல் குழந்தைக்கு ஒரு ராஜ்ஜியம் கிடைத்தது. இரண்டாவது குழந்தைக்கு அப்பா, அம்மா, தாத்தா என்று வரிசையாக ஆட்கள் போய்ச்சேர்ந்து, கடைசியில் அத்தை வீட்டுச் சோறு கிடைத்தது.

நாற்பது வருஷம் கழித்து இரண்டாமவர் புதுப் பெண்டாட்டியுடன் முதலாமவரின் ராஜ்ஜியத்துக்குள் வந்தார். எல்லோரா குகைகளுக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது தலைக்குள் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு போனார். கரோட்கிரி என்று நிஜாமுக்கு ஒரு சுங்க இலாகா இருந்தது. எல்லை தாண்டும் சரக்குக்கெல்லாம் வரி போடும். அந்த இலாகா இந்தச் சரக்கைக் கவனிக்கவில்லை. மஹபூப் அலியும் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு ஜோலி இருந்தது. ஒருமுறை போட்ட உடுப்பை மறுமுறை தொடமாட்டார் என்பது ஊர்ப்பேச்சு; புரானி ஹவேலியில் அவர் துணிமணிக்கென்றே ரயில் பெட்டி நீளத்துக்கு, இல்லை, இரண்டு மூன்று ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் அலமாரி மண்டபம் இன்றும் நிற்கிறது. 184 காரட் ஜேக்கப் வைரத்தை வாங்கிவிட்டுக் கோர்ட் வரை போய் அலுத்து, செருப்பு முனைக்குள் திணித்துவைத்தார். அப்பா போனபிறகு அதைக் கண்டெடுத்த மகன் உஸ்மான் அலி கான், பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டார். வைரத்தையே இப்படி நடத்திய வீட்டில் ஒரு சிம்பொனி தொலைந்தது பெரிய விஷயமா?

ஹைதராபாத்துக்குப் பிரெஞ்சு ஓசை புதிதுமல்ல. 1751இல் புஸ்ஸி என்ற தளபதி புதுச்சேரிக்காரர்களின் ஆசியோடு சிப்பாய்களையும் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு, அப்போது நிஜாமின் தலைநகராக இருந்த ஔரங்காபாத்துக்கே வந்து குந்தினார். அவருக்கு அப்புறம் ரேமோன். புதுச்சேரியில் வியாபாரம் செய்ய வந்த ஆசாமி. வியாபாரம் சரிப்படாமல் சண்டைத் தொழிலுக்கு மாறி, நிஜாமின் படைத்தலைவர் ஆனார். ஹைதராபாத்தில் பீரங்கி வார்க்கும் சாலை வைத்தார். அபிட்ஸ் பக்கத்தில் கன்ஃபவுண்ட்ரி என்று அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்துக்கள் அவரை மூசா ராம் என்றார்கள், முஸ்லிம்கள் மூசா ரஹீம் என்றார்கள், இரண்டு தரப்பும் தம்மவராக்கிக்கொண்டது. 1798இல் அவர் செத்தார். அதே வருஷம் வெள்ளைக்காரன் வந்து அவருடைய படையைக் கலைத்தான். இன்றைக்கு மெட்ரோவில் மூசாராம்பாக் ஸ்டேஷனில் இறங்குகிற ஐ.டி. பையன் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரில் இறங்குகிறான் என்பதை அறியான்.

ஆக, பிரான்சிலிருந்து நிஜாம் சீமைக்கு வந்த முதல் தாளவாத்தியம் பீரங்கி. நடுவில் நூறு வருஷம் ஓய்வு. அதற்குள் பிரான்சில் பித்தளைக்கு வேறு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தவர்களில் முதல் குற்றவாளி எக்தோர் பெர்லியோஸ். டாக்டர் வீட்டுப் பையன். பாரிசுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். பிணம் அறுக்கும் கூடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார். ஓடியவர் 1830இல் ஒரு சிம்பொனி எழுதினார். காதலித்தவள் திரும்பிப் பார்க்கவில்லை, கதாநாயகன் அபின் சாப்பிடுகிறான், கனவில் அவள் தலையை அல்ல, தன் தலையையே வெட்டக் காண்கிறான், வெட்டிய தலை கூடையில் விழும் சத்தம் உட்பட ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்கும். வாத்தியங்களை எப்படிக் கலப்பது என்று 1844இல் புத்தகமே போட்டார். அதில் தன் கனவு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 467 பேர் வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார், முப்பது பியானோ, முப்பது ஹார்ப் உட்பட. நம் ஊர் மாமாங்கத்துக்குக்கூட இத்தனை நாயனக்காரர்களைக் கூப்பிடமாட்டார்கள். பாரிஸ் கேலிச்சித்திரக்காரர்கள் அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா நடுவே பீரங்கியை வரைந்தார்கள். ரேமோன் இருந்திருந்தால் ஆர்டர் எடுத்திருப்பார்.

அப்படியொரு முன்னோர் உள்ள நாட்டில் நம் ரூசெல் என்ன ஆனார்? கடற்படைக்குப் போனார்.

1887இல் சேர்ந்தார். கப்பல், சல்யூட், உப்புக்காற்று, சைகோன் பக்கம் ஒரு பயணம். ஓய்வுநேரத்தில் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் கிறுக்கல். கூட இருந்த கால்வே என்ற அதிகாரி அந்தக் கிறுக்கலைப் பார்த்து, "பாரிசில் கொலோனிடம் காட்டுகிறேன் கொடு" என்று வாங்கிப்போனார். எதுவார் கொலோன் அப்போது பாரிசின் பெரிய கண்டக்டர். கால்வே திரும்பிவந்து, கொலோன் பார்த்தார், கடற்படையை விட்டுவிட்டு இசையில் முழுமூச்சாக இறங்கச் சொன்னார் என்று தெரிவித்தார். ரூசெல் நம்பினார். 1894இல் இருபத்தைந்து வயதில் ராஜினாமா. நல்ல சர்க்கார் உத்தியோகம், பென்ஷன் உள்ளது.

பின்னாளில் கால்வே உண்மையைச் சொன்னார். கொலோனிடம் அவர் போகவே இல்லை. காகிதத்தை யாரிடமும் காட்டவில்லை. சும்மா சொன்னார். இசை வரலாற்றில் ஆயிரம் விமர்சகர்கள் ஆயிரம் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இசையைக் கேட்டபின் சொல்லித் தப்பாய்ப் போனவை. கேட்காமலேயே சொல்லிச் சரியாய்ப் போனது இது ஒன்றுதான். கால்வேக்கு எங்கேயாவது சிலை வைத்திருக்கவேண்டும்.

பாரிசில் ஸ்கோலா காந்தோரும் என்று ஒரு பள்ளி. அதன் பெரியவர் வேன்சான் தாந்தி. ஆசாரம் பழுத்த மனிதர். அங்கே கவுன்டர்பாயின்ட் என்கிற வித்தையைக் கசக்கிப் பிழிந்து சொல்லித்தருவார்கள்: ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகள் தத்தம் வழியில் நடக்கவேண்டும், ஒன்று மற்றதன் காலை மிதிக்கக்கூடாது. (இளையராஜா ரசிகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை; அவர்கள் எனக்கு விளக்குவார்கள்.) ரூசெல் 1898இல் மாணவராகச் சேர்ந்தார், 1902இல் மாணவராக இருந்துகொண்டே வாத்தியாரும் ஆகிவிட்டார். அவர் வகுப்பில் 1905இல் ஒரு புதுப் பையன் வந்து உட்கார்ந்தான். பையனுக்கு வயது முப்பத்தொன்பது. வாத்தியாரைவிட மூன்று வயது மூப்பு. பெயர் எரிக் சாட்டி. ஏற்கெனவே பாரிஸ் பூராவும் பெயர் தெரிந்த கோணங்கி. மூன்று வருஷம் ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதி டிப்ளமா வாங்கிக்கொண்டு போனார். பின்னாளில் இரைச்சலையே இசையாக்கிய எட்கார் வரேசும் அந்த வகுப்பில் பெஞ்சு தேய்த்தவர்தான். இந்த இருவரையும் சமாளித்த வாத்தியாருக்கு எல்லோரா ராட்சசர்கள் எம்மாத்திரம்.

1908இல் பிளான்ஷ் என்ற பெண்ணைக் கட்டினார். மறுவருஷம் தேனிலவு. மாப்பிள்ளைக்கு வயது நாற்பது. பாரிஸ் தம்பதிகள் வழக்கமாகப் போகும் இடம் வெனிஸ். இவர் பெண்டாட்டியை இந்தியாவுக்குக் கூட்டிவந்தார். பழைய கப்பல்காரர் இல்லையா, பக்கத்து ஊர் என்றால் பயணமாகவே தோன்றாது.

அப்போது பம்பாயிலிருந்து எல்லோராவுக்குப் போகிறவர்களுக்கு உள்ள வழி இது: மன்மாட் வரை வெள்ளைக்காரன் ரயில், அங்கே இறங்கி மீட்டர்கேஜில் நிஜாமின் ரயில். மன்மாட் – செகந்தராபாத் பாதை திறந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. இறங்கினால் குதிரைவண்டி. வழியில் தௌலதாபாத் கோட்டை. அதன் பழைய பெயர் தேவகிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. 1296இல் அலாவுதீன் கில்ஜி, அப்போது வெறும் மருமகப்பிள்ளை, மாமனார் சுல்தானிடம் சொல்லாமல் வந்து கொள்ளையடித்த கோட்டை. கொள்ளைப் பணத்தோடு திரும்பிப்போய் மாமனாரைத் தீர்த்துக்கட்டி சுல்தான் ஆனார். பிறகு இந்த வழியாகத்தான் மாலிக் காபூர் நம் மதுரை வரை வந்து விசாரித்துவிட்டுப் போனார். அப்புறம் துக்ளக் வந்து, டில்லி ஜனங்களையே பெயர்த்து இங்கே கொண்டுவந்து நட்டார். மலை ஒன்றுதான் அப்போதிலிருந்து வீடு மாற்றாமல் இருக்கிறது.

கோட்டையைத் தாண்டி மேடு ஏறினால் குல்தாபாத். அங்கே அவுரங்கசீப் படுத்திருக்கிறார். நிஜாம் வம்சத்தை ஆரம்பித்த ஆசஃப் ஜாவும் அங்கேயே. அவுரங்கசீப் பாட்டுக் கச்சேரிகளை ஒழித்தபோது டில்லிப் பாடகர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டு பாடை தூக்கிப் போனார்களாம். யார் செத்தது என்று பாதுஷா கேட்க, சங்கீதம் என்றார்களாம். சரி, மறுபடி எழுந்து வராதபடி ஆழமாகப் புதையுங்கள் என்றாராம். மனூச்சி என்ற வெனிஸ்காரர் எழுதிவைத்த கதை இது. அவர் சொல்வதில் எத்தனை உப்பு, எத்தனை புளி என்பது தனி ஆராய்ச்சி. கதை நிஜமோ இல்லையோ, எல்லோராவுக்கு இசை எழுதப்போகிறவர் முதலில் இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். பாதுஷா எழுந்து தடுத்ததாகத் தகவல் இல்லை.

எல்லோராவில் முப்பத்துநான்கு குகைகள். பதினாறாவது கைலாசம், எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட கிருஷ்ணன் காலத்துக் கைங்கரியம். கல்லை அடுக்கிக் கட்டியதல்ல. மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தது. சிகரம் முதலில், படிக்கட்டு கடைசியில். தப்பாக ஒரு உளி பட்டால் ஒட்டுப்போட வழியில்லை. அதன் பக்கச்சுவரில் ஒரு சிற்பம் உண்டு, அதன் எதிரே கொஞ்சநேரம் நிற்கவேண்டும். அடியில் ராவணன், இருபது கையையும் விரித்துக் கைலாசத்தைப் பெயர்க்கிறான். தோள் பூராவும் முறுக்கு. மேலே பார்வதி பயந்து சிவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். தோழி ஒருத்தி, எசமானியம்மாள் எப்படியாவது போகட்டும் என்று முதுகைக் காட்டி ஓடுகிறாள். சிவன் பதறவே இல்லை. கால்விரலால் லேசாக அழுத்துகிறார், அவ்வளவுதான். அப்புறம் நசுங்கிக்கிடந்த ராவணன் சாமகானம் பாடித்தான் தப்பினான் என்பது நமக்குத் தெரியும். தூர்குவான்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் கீழே ஒரு பெரும் பலம் திமிறுவது, மேலே ஒரு நிம்மதி அதைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பது, நடுவில் ஒருத்தி ஓடுவது, மூன்றும் ஒரே கல்லில் ஒரே சமயத்தில். கவுன்டர்பாயின்ட் வாத்தியாருக்கு இதைவிடத் துல்லியமான கரும்பலகை கிடைக்குமா?

இதில் வேடிக்கை, இந்தியாவில் கேட்ட இசையைப் பற்றி அவர் ஊருக்கு எழுதிய கடிதம். விசேஷமாகச் சொல்லும்படி ஒன்றும் காதில் விழவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டார். கொஞ்சம் நாட்டுப்பாட்டுகள், நம் ஊர் ஸ்வரமுறையிலேயே இருக்கின்றன, ஹார்மனியும் இல்லை, அவ்வளவே! 1909 ஐயா, 1909. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் விரலை வைத்தால் தெரு அடங்கும் காலம். வடக்கே அப்துல் கரீம் கான் பாடிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர் தாயி கிராமபோன் தட்டில் கொடிகட்டிப் பறக்கிறார். இவர் எங்கே போய் எதைக் கேட்டாரோ! வெள்ளைக்கார ஓட்டலில் சாயங்காலம் வாசித்த பேண்டைக் கேட்டுவிட்டு இந்தியாவைப் பற்றி முடிவுகட்டினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். காசிக் கரையில் மட்டும் ஒரு இளம் பக்கிரி அரைத்துணியோடு பாடியது காதில் ஏறியது. அதைக் குறித்துக்கொண்டார்.

காது அப்படி. கண் வேறு ஜாதி. ஊருக்குப் போய் 1910, 1911 இரண்டு வருஷமும் உட்கார்ந்து 'எவோகாசியோன்' என்ற மூன்று பாகப் படைப்பை எழுதினார். முதல் பாகம் எல்லோரா: குகை நிழலில் தேவர்கள். இரண்டாவது ஜெய்ப்பூர்: இளஞ்சிவப்பு நகரம். மூன்றாவது காசி: புனித நதிக்கரை. அந்தக் காசிப் பாகத்தில் மனிதக்குரல்கள் வந்து சேர்ந்துகொள்ளும். பக்கிரி பாட்டும் அதிலே உள்ளே வரும், கோட்டு சூட்டுப் போட்ட பாரிஸ்காரர் தொண்டையில். 1912 மே 18 அன்று பாரிஸ் கவோ அரங்கில் அரங்கேற்றம்.

முதல் பாகத்தில் என்ன செய்தார் என்பதுதான் என் கதைக்கு உயிர்நாடி. அந்தக் காலப் பிரெஞ்சு ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே தெபுஸ்ஸி மோகம். மூட்டம், அலை, நிலா வெளிச்சம். எது புல்லாங்குழல் எது ஹார்ப் என்று பிரித்துச்சொல்ல முடியாத மிதப்பு. ரூசெல் அந்த வண்ணங்களை வாங்கிக்கொண்டார், மிதப்பை வாங்கவில்லை. ஸ்கோலாவில் கசக்கிய கணக்கு உள்ளே எலும்பாக நின்றது. கீழ்ஸ்தாயி வாத்தியங்களை மெட்டுக்குத் தூக்குக்கூலியாக வைக்காமல் தம் வழியில் நடக்கவிட்டார். இருட்டில் என்னவோ பெரிதாக அசைகிறது, மேலே மரக்குழல்கள் தம்பாட்டுக்கு நெளிகின்றன, திடீரென்று ஒரு கூத்து கிளம்பி அடங்குகிறது. மாயாமாளவகௌளையின் வாடை வீசும் ஸ்வரப்படிகள் வந்துபோகும், ராகமாக நிற்காது. நம் பாகவதர் யாராவது கேட்டால் கமகம் எங்கே என்று எழுந்துபோய்விடுவார். போகட்டும். இந்திய இசையைக் காதில் வாங்காத மனுஷர் இந்தியக் கல்லை இசையாக்கினார். நிஜாம் சீமையிலிருந்து அவர் கொண்டுபோனது ஓசையே இல்லாத சரக்கு.

அதையும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. தூண்டியது இந்தியாதான், ஆனால் நாட்டை அப்படிக் குறிப்பிடவேண்டாம். இந்தியாவோ திபெத்தோ பாரசீகமோ, எதுவானால் என்ன என்ற ரீதியில் சொல்லிவைத்தார். பெண்டாட்டியோடு ரயில் மாறி, குதிரைவண்டியில் முதுகு நொந்து வந்து பார்த்த இடம், விலாசத்தில் 'ஆசியா' என்று போட்டால் போதுமாம்! கரோட்கிரிக்காரர்களைக் குறைசொல்லிப் புண்ணியமில்லை.

அதே பயணத்தில் ராஜபுதனத்துச் சித்தூர்க் கோட்டையையும் பார்த்திருந்தார். பாரிஸ் ஓப்பராவின் டைரக்டர் ஒரு படைப்பு கேட்க, 'பத்மாவதி' பிறந்தது. கதை எழுதியவர் லூயி லாலுவா. வில்லன் யார்? நம் தேவகிரிக் கொள்ளைக்காரர் அலாவுதீன். எல்லோராவுக்குப் பக்கத்துக் கோட்டையில் தொழில் பழகியவர் கடைசியில் பாரிஸ் மேடையில் பாரிடோன் குரலில் பாடினார். சித்தூரை முற்றுகையிட்டு ராணி பத்மாவதியைக் கேட்கிறார். ஊரைக் காப்பாற்ற நீ அவனிடம் போய்விடேன் என்று புருஷன் ரத்தன்சேன் மெதுவாக இழுக்கிறான். பத்மாவதி அழவில்லை, கெஞ்சவில்லை. கத்தியை எடுத்து ரத்தன்சேனைக் குத்திவிட்டு, அவன் சிதையிலேயே தானும் ஏறிவிட்டாள். ராஜபுதனத்தில் யாரும் சொல்லாத கிளைமாக்ஸ். அலாவுதீன் கதவைத் திறந்துகொண்டு வரும்போது புகை மட்டும் மிச்சம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே 1914 யுத்தம். ஒல்லிப்பிச்சான் உடம்பு, நாற்பத்தைந்து வயது. வேண்டாம் வீட்டில் இரும் என்றார்கள். இவர் விடாமல் நின்று முதலில் செஞ்சிலுவைச் சங்கத்தில் புகுந்து, பிறகு பீரங்கிப்படையின் லாரிப் பிரிவில் லெப்டினென்ட் ஆனார். வெர்தனில் குண்டுகள் விழ, சேற்றில் லாரிகளை ஓட்டிப்போகிற வேலை. வீட்டு மேஜையில் சித்தூர் முற்றுகை பாதியில் நிற்கிறது. எழுதியவர் நிஜ முற்றுகைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். 1918இல் உடம்பு சுத்தமாக முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். முடித்தார். 1923 ஜூன் 1 அன்று ஓப்பராவில் மேடையேறியது.

பத்மாவதியை இந்தியர்கள் கவனிக்க 2008 ஆனது. பாரிஸ் ஷாத்லே அரங்கு அதை மறுபடி போட்டபோது இயக்கியவர் சஞ்சய் லீலா பன்சாலி. மேடைக்கு நிஜ யானை வந்தது. ராணி புருஷனைக் குத்தினாள். பாரிசில் யாரும் கல் எறியவில்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அதே ராணியை வைத்து அவர் பத்து வருஷம் கழித்து ஹிந்தியில் படம் எடுத்தபோது என்ன நடந்தது என்பது ஊரறிந்தது; பெயரில் ஒரு எழுத்தை மாற்றினார்கள். அந்தப் படத்தில் ராணி யாரையும் குத்தவில்லை என்பதைக் கவனிக்கவும். கலகக்காரர்கள் ரூசெல் பக்கம் திரும்பாதது அவருடைய நல்லகாலம். பிரெஞ்சு தெரியாமல் இருப்பதிலும் சில சௌகரியங்கள் உண்டு.

ரூசெலுக்கு அதற்குப்பிறகு இந்தியா தேவைப்படவில்லை. நகையைக் கழற்றிவிட்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்டார். 1930இல் பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவின் ஐம்பதாம் ஆண்டுக்காக எழுதிய மூன்றாம் சிம்பொனி அரைமணி நேரம்கூட ஓடாது. முதல் அடியிலிருந்தே ஆர்க்கெஸ்ட்ரா நெஞ்சில் மிதித்துக்கொண்டு நடக்கும். கேட்டு வாங்கியவர் அங்கிருந்த கண்டக்டர் கூஸெவிட்ஸ்கி. 1937 ஆகஸ்டில் ரூசெல் காலமானார். நார்மண்டியில் கடலைப் பார்த்த கல்லறை. கடற்படை விட்டதைக் கடல் விடவில்லை.

நடுவில் மோரீஸ் தெலாஜ் என்றொருவர். ராவேலின் சீடர், பூட்பாலிஷ் கம்பெனி வீட்டுப் பிள்ளை. 1912 வாக்கில் இந்தியா வந்தார். இவர் ரூசெலுக்கு நேர் எதிர். காதைத் தீட்டிக்கொண்டு வந்தவர். கோயம்புத்தூர் தாயியின் தட்டில் கேட்ட திருவருட்பாவை அப்படியே பியானோவும் குரலுமாக 'ராகமாலிகா' என்று எழுதினார். நம் தாளவாத்தியத்தின் மொத்தென்ற ஒலி வேண்டும் என்பதற்காகப் பியானோவுக்குள் ஒரு தந்தியை அடைத்து ஒலியை அமுக்கச் சொன்னார். பியானோவின் வயிற்றுக்குள் கைவைக்கும் கலைக்கு அமெரிக்காவில் ஜான் கேஜ் பெயர் வாங்கியது இருபதுமுப்பது வருஷம் கழித்து. வள்ளலாருக்காகச் செய்தது முதல் என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம். தெலாஜைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஹைதராபாத் விட்டுப்போகும், ஆகவே இத்தோடு.

ஏனென்றால் தேவகிரி பாக்கி இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், அலாவுதீன் வருவதற்கு முன், அங்கே யாதவ ராஜா சிங்கணன் ஆண்டுகொண்டிருந்தார். அவர் கச்சேரியில் சார்ங்கதேவர் என்றொரு அதிகாரி. தாத்தா காஷ்மீரத்திலிருந்து தெற்கே வந்தவர். உத்தியோகம், அரசுக் கணக்கு இலாகாவின் தலைமை. பகலில் கஜானா வரவுசெலவு. மிச்ச நேரத்தில் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். ஏழு அத்தியாயம், ஸ்வரம், ராகம், தாளம், வாத்தியம், நிருத்தம் எல்லாம். தாள அத்தியாயத்தில் தேசித்தாளங்கள் நூற்றிருபதைப் பெயரும் அளவுமாக வரிசைப்படுத்தினார். கணக்குப்பிள்ளை புத்தி, ஒன்றையும் விடவில்லை.

மூசி ஆறு கரைபுரண்டு ஹைதராபாத்தையே வாரிக்கொண்டுபோன 1908ஆம் வருஷத்தின் டிசம்பரில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் பிறந்தார். பாரிசில் படிக்கும்போது ஒரு இசைக்கலைக்களஞ்சியத்தில் அந்த நூற்றிருபது தாளப் பட்டியல் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மனுஷர் ஆயுசுக்கும் அதை விடவில்லை. 1941 ஜனவரியில் ஜெர்மன் கைதிமுகாமில், குளிரில், கிடைத்த நாலு வாத்தியத்தை வைத்து அரங்கேற்றிய 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை'யின் முதல் பகுதியில் ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்று மூன்று தேவகிரித் தாளங்கள் ஓடுகின்றன. ஹிட்லரின் முள்வேலிக்குள் யாதவ ராஜாவின் கணக்கு அதிகாரி நுழைந்தது எப்படி என்று காவலாளிகள் யாரும் கேட்கவில்லை. இந்தச் சரக்குக்கு எங்கேயும் சோதனை கிடையாது போலும்.

பிறகு அதே கூஸெவிட்ஸ்கி, அதே பாஸ்டன், மெஸ்ஸியானிடம் ஒரு படைப்பு கேட்டார். எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் எழுதும் என்றார். பெர்லியோஸ் பேரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. பத்துப் பகுதி, எண்பது நிமிஷம், ஆள்பட்டாளம் போல ஆர்க்கெஸ்ட்ரா, ஆவி ஊளையிடுவது போன்ற ஓந்த் மார்த்தனோ என்ற மின்சார வாத்தியம் வேறு. பெயர் 'துரங்கலீலா', சார்ங்கதேவர் பட்டியலில் உள்ள ஒரு தாளத்தின் பெயர்தான் அது. 1946 ஜூலையில் ஆரம்பித்தார். அவர் அங்கே எழுதிக்கொண்டிருக்க, இங்கே நிஜாம் நான் தனிநாடு என்றார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐந்து நாளில் அந்தப் பேச்சை முடித்தது. நவம்பர் 29 அன்று மெஸ்ஸியான் கடைசி ஸ்வரத்தைப் போட்டார். ஆரம்பித்தபோது தேவகிரி நிஜாம் சொத்து. முடித்தபோது இந்திய யூனியன் சொத்து. 1949 டிசம்பர் 2, பாஸ்டனில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் கோலை உயர்த்த, உலகம் பூராவும் பேச்சு.

ராயல்டி கேட்கவேண்டும் என்று இன்றைக்கு யாருக்காவது தோன்றினாலும் தொல்லைதான். 1956இல் அந்த வட்டாரம் பம்பாய் ராஜ்ஜியத்துக்குப் போனது, 1960இல் மகாராஷ்டிரம், ஔரங்காபாத் பெயரும் இப்போது சம்பாஜிநகர். ஹைதராபாத் ஆவணக் காப்பகத்தில் நிஜாம் காலத்து உருதுக் கோப்புகள் லட்சக்கணக்கில் அடுக்கியிருக்கின்றன. எழுத்தெண்ணிக் கணக்குப்பார்த்த சார்ங்கதேவர் மட்டும் இப்போது ஆபீசில் இருந்தால், இந்த நூற்றிருபது உருப்படிகளும் எந்த வவுச்சரில் வெளியே போயின என்று முதலில் நிஜாமுக்கு, அப்புறம் பாஸ்டனுக்கு, நகல் ரூசெல் விதவைக்கு என்று மெமோ கிளம்பியிருக்கும்.